பியூலா கனகமணி என்று தேடினால்

கண்ணை மூடியே இருங்க சார், திறந்தீங்கன்னா மருந்து வெளிய வந்திரும், மறுபடியும் விடணும் என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பக்கத்து ஆளிடம் நகர்ந்துவிட்டாள். மூடிக்கொண்டேன். மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது எதிர்ச் சுவர்க் கடிகாரத்தை, பத்து நாற்பது. கண்பாப்பா விரிய அரை மணி நேரம் ஆகுமாம், எனக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னும் மெதுவாகத்தான் விரியுமாம். கூட யாரும் வரலையா, தனியா எப்படிப் போவீங்க என்று கேட்டதற்கு ஆட்டோவில் போயிடுவேன் என்றேன். என் மனைவி வடிவு வருகிறேன் என்றுதான் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன், அவள் பக்கத்தில் இருந்தால் போனை எடுக்க முடியாது, எடுத்தால் மறுபடியும் அதுதானா என்பாள், பத்து நாளாக வீட்டில் இதே கேள்வி. மருந்து எரிகிறது. எரிந்து, கண்ணின் உள்மூலை வழியாக எங்கேயோ இறங்கி, இப்போது தொண்டையில் கசக்கிறது. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வருகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு நாகர்கோவிலில் பியூலா டீச்சருக்கு இன்டர்வியூ. இன்னும் ஒரு மணி இருபது நிமிடம். அதற்குள் அது தேடலிலிருந்து போய்விடலாம், இந்த மாதிரி விஷயங்கள் ஒரு நிமிடத்தில் போய்விடும், இருக்கிறது இருக்கிறது என்றே இருந்து சட்டென்று இல்லாமல் போகும், நான் இருபது வருஷம் இதைத்தானே பார்த்தேன், கொஞ்சம் பத்திரிகையில், மீதி இணையத்தில். ஒரு கண்ணை மட்டும் திறந்தால் என்ன. இடது கண். எழுத்துகளின் ஓரம் நூல் பிரிந்ததுபோல் இருக்கிறது, ஆனாலும் இன்னும் படிக்க முடிகிறது, பெயரை அடிக்க வேண்டியதுகூட இல்லை, முதல் எழுத்தைத் தொட்டாலே போன் மீதியைத் தானாக நீட்டுகிறது, அத்தனை தடவை தேடியிருக்கிறேன். பியூலா கனகமணி. முதலில் வருவது அதுதான். நீல நிறத்தில் வர வேண்டிய தலைப்பு என் போனில் ஊதாவாக இருக்கிறது, நான் தொட்டுத் தொட்டு அப்படி ஆனது. இரண்டு வரித் தலைப்பு, கடைசியில் ஆச்சரியக்குறி. அந்தக் குறி நான் வைத்தது.

தொட்டால் உள்ளே ஒன்றும் இல்லை, நீங்கள் தேடிய பக்கம் இங்கு இல்லை என்று வருகிறது, அதை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. ஆனால் தேடலில் தலைப்பும் அதன் கீழே ஒன்றரை வரியும் அப்படியே நிற்கின்றன. வீட்டை இடித்த பிறகும் வாசலில் பெயர்ப்பலகை தொங்குவதுபோல. இது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், தேடுபொறி மறுபடி வந்து பார்த்து, பக்கம் இல்லை என்று அதற்கே தெரிந்தால்தான் விடும், சீக்கிரம் எடுக்கச் சொல்லி விண்ணப்பமும் போட்டாயிற்று, நிலுவையில் உள்ளது என்று ஒரு சொல் மட்டும் அங்கே நிற்கிறது. தளத்தின் பெயரைப் போட்டுத் தேடுகிறேன், அந்தத் தளத்தில் அவள் பெயரை மட்டும் தேடுகிறேன், தலைப்பின் முதல் நான்கு சொல்லைப் போட்டுத் தேடுகிறேன், எல்லா வழியிலும் அது வருகிறது. என் போன் என்பதால் வருகிறதோ என்று வடிவு போனில் தேடினேன். வந்தது. மருந்துக்கடை செந்தூரான் போனை வாங்கித் தேடினேன். வந்தது, அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு யார் சார் இது, நம்ம பின் தெரு டீச்சரா என்றார், இல்லை இல்லை வேறு யாரோ என்று பொய் சொல்லிவிட்டு மாத்திரையை மறந்து வந்தேன். கண்ணை மூடுங்க சார், உங்களைத்தான் என்று தூரத்திலிருந்து நர்ஸின் குரல் வருகிறது. மூடுகிறேன். மூடினால் இமைக்குள் சிவப்பு, சிவப்பில் ஒரு கோடு மிதக்கிறது, கோடு போகும் பக்கமெல்லாம் பார்வையும் போகிறது, கோட்டைப் பிடிக்கப் பார்த்தால் அது நழுவுகிறது.

யுகேஜி சிறுமியைக் கழிவறையில் பூட்டிய பாளை ஆசிரியை பியூலா கனகமணி! நிருபர் அனுப்பியபோது அப்படி இல்லை. பாளையங்கோட்டை தனியார் நர்சரிப் பள்ளியில் சிறுமி ஒருத்தி நாற்பது நிமிடம் கழிவறைக்குள் சிக்கிக்கொண்டதாகப் பெற்றோர் புகார், ஆசிரியை ஒருவரிடம் விசாரணை, அவ்வளவுதான். ஆசிரியை ஒருவர். அதற்கு முந்தைய மாதம்தான் மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள், ஏசி அறை, திரையில் படம், யாரும் ஆசிரியை ஒருவர் என்று தேட மாட்டார்கள் என்று சொல்லித்தந்தார்கள், முழுப் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், இரண்டும் தலைப்பிலேயே வேண்டும், அப்போதுதான் தேடலில் மேலே வரும். நான் அன்று நிருபரைப் போனில் கூப்பிட்டேன். முழுப் பேர் என்னய்யா. அவன் தயங்கினான், விசாரணைதான் சார் நடக்குது என்றான், நான் அதையெல்லாம் நீ கவலைப்படாதே என்றேன். அவன் சொன்ன பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம், இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, நல்ல பெயர், வேறு யாருக்கும் இருக்காத பெயர், தேடினால் தவறாமல் மாட்டும். பூட்டிய என்று போட்டேன். பூட்டியதாக என்று போட்டால் இரண்டெழுத்து கூடுகிறது, தலைப்பு நீளும். மூன்று நிமிட வேலை. சாயங்காலம் எங்கள் தென்துளி செய்தித் தளத்தின் அன்றைய கணக்கில் அதுதான் முதலிடம், முதலாளி கூப்பிட்டு நல்லா இருந்துச்சு ஆவுடையப்பன் என்றார், நான் கீழே இறங்கிப்போய் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். பருத்திப்பாலின் மேல் தூவிய தேங்காய்ப்பூகூட ஞாபகம் இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் ஞாபகம் இல்லை. குழந்தையின் பெயரை நாங்கள் போடவில்லை, அந்த அளவுக்கு நியாயம் தெரிந்தவர்கள்.

இரண்டாவது தடவை மருந்து. தலையை நிமிர்த்துங்க. விரல் ஜில்லென்று கன்னத்தில் பட்டு இமையை இழுக்கிறது, ஒரு துளி, அடுத்த கண்ணில் ஒரு துளி, பஞ்சைக் கையில் திணிக்கிறாள். இப்போது எரிச்சல் குறைவு. பழகிவிட்டது. எல்லாம் பழகிவிடுகிறது. பியூலா டீச்சர் எங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருந்ததும் எனக்குப் பழகிப்போயிருந்தது, ஒருநாள்தான் வந்தாள், ஆனால் காலை பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷம் ஆகிறது. வரவேற்பில் இருந்த பெண் உள்ளே வந்து, சார் ஒரு டீச்சர் வந்திருக்காங்க, பியூலான்னு பேரு, ஏதோ நியூஸ் விஷயமாம் என்றாள். கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தேன். சாம்பல் நிறச் சேலை, மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதன் மேல் மடக்கிய குடை. மழைகூட இல்லை அன்று. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மாதிரி வருகிறவர்களுக்கு ஒரு உட்காரும் விதம் உண்டு, நாற்காலியின் முன்விளிம்பில் உட்காருவார்கள். இல்லைன்னு சொல்லு, மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லு. மீட்டிங் இல்லை. இரண்டரை மணி நேரம் கழிப்பறைக்கும் போகாமல் உள்ளேயே இருந்தேன், போனால் வரவேற்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்றரைக்கு அவள் எழுந்து ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உறை மேசை இழுப்பறைக்குள் போயிற்று. போன வருஷம் வேலையை விட்டு வந்தபோது இழுப்பறையில் இருந்ததெல்லாம் அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்தது, உறையும் வந்தது. பிரிக்கவில்லை. பிரிக்காத உறையில் என்ன இருக்கிறது என்று தெரியாதவன்போல இருப்பது சுலபம். என்ன இருக்கப்போகிறது. எடுங்கள் என்றுதான் கேட்டிருப்பாள். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

சுபா மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால். வடிவின் அண்ணன் மகள், மகாராஜநகரில் புதிதாகக் குடிவந்திருந்தாள், பையனுக்குத் தமிழும் கணக்கும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வடிவு சொன்னாள், பின் தெருவுல ஒரு டீச்சர் இருக்காங்க, பியூலான்னு, வீட்டுல நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்காங்க, தங்கமானவங்க. எனக்கு அந்த நிமிடம் வரை அவள் பின் தெருவில் இருப்பது தெரியாது. கையில் சோறு இருந்தது, உருட்டியது உருட்டியபடி நின்றது. முழுப் பேர் என்ன அத்தை என்று சுபா கேட்டாள். அதுவும் வடிவுக்குத் தெரிந்திருந்தது. சுபா போனை எடுத்தாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தரிக்காய் வாங்குவதற்கு முன்னால்கூடத் தேடிப் பார்ப்பார்கள், ஐயோ அத்தை இதைப் பாருங்களேன் என்று உரக்கப் படித்தாள். என் தலைப்பை. ஆச்சரியக்குறியோடு படித்தாள், அது எழுதினவனுக்குத்தான் தெரியும், எங்கே குரல் ஏற வேண்டும் என்று வைத்தேனோ அங்கே ஏறியது. வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். அவங்களா, நம்பவே முடியலையே. போட்டிருக்கே அத்தை. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள், நீங்க இருந்த இடத்துலதானே இது வந்திருக்கு, உண்மையா மாமா. அந்த இடத்தில், இப்போதும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்துதான் நிற்கிறேன், முன்னால் போக முடியவில்லை, அந்த இடத்தில் நான் சொன்னது, மோர் இருக்கா. மோர் இருக்கா என்று கேட்டேன். வடிவு எழுந்துபோய் மோர் கொண்டுவந்தாள். சுபா வேறு டீச்சர் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் பின் தெருவில் நாலு பிள்ளைகள் இரண்டு ஆனது என்று வடிவே சொன்னாள், யாரிடமும் தான் எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லையே.

அதன் பிறகுதான் உறையைப் பிரித்தேன். கல்வி அலுவலகத்தின் விசாரணை ஆணை, நான்கு பக்கம், முத்திரை. சம்பவ நேரத்தில் மேற்படி ஆசிரியை தலைமையாசிரியையின் உத்தரவின்பேரில் வேறு வகுப்பில் இருந்தார். கழிவறைத் தாழ்ப்பாள் பழுதாகி இருந்தது. மேற்படி ஆசிரியை மீது தவறேதும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் அந்தக் குழந்தை சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். மிஸ் பூட்டல. கதவு வரல. நான் கத்துனேன், மிஸ்தான் வந்து ஒடச்சாங்க. மூன்று தடவை படித்தேன். கதவை உடைத்தவளைப் பூட்டியவள் ஆக்கியிருக்கிறேன், இரண்டெழுத்து மிச்சம் பிடிக்க. கூடவே இரண்டு தாளில் அவள் கைப்பட எழுதிய கடிதம் இருந்தது. மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தது, ஆசிரியை எழுதிய எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது, முதல் நாலு வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை, மடித்து வைத்துவிட்டேன். எடுக்கச் சொல்கிறாள், எடுத்துவிடலாம். அப்படி நினைத்ததும் ஒரு தெம்பு வந்தது. தென்துளியில் இப்போது என் இடத்தில் இருக்கும் இன்பராஜை மூன்று மாதம் துரத்தினேன், அந்தப் பக்கத்தை எடுங்கப்பா, அடியோட எடுங்க, பேக்கப்லகூட இருக்கக் கூடாது. பத்து நாளுக்கு முன்னால் எடுத்தான். கடிதத்தின் மேலே இருந்த எண்ணுக்கு நான் போன் செய்தேன், டீச்சர், நான் தென்துளி ஆவுடையப்பன் பேசுறேன், அந்தச் செய்தியை எடுத்தாச்சு, தேடல்ல இருந்தும் சீக்கிரம் போயிரும். சரி சார் என்றாள். அவ்வளவுதான். நான் இன்னும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று அப்போது ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன், நன்றிக்குத்தான். அவள் வேறொன்று சொன்னாள், நாகர்கோவில்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க, வர்ற செவ்வாய்க்கிழமை பன்னெண்டு மணிக்கு. அதுக்குள்ள போயிடும் டீச்சர் என்றேன், என் வாயாலேயே ஒரு கெடு வைத்தேன்.

திறந்தேன். கடிகாரம் இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம், முள் இல்லை. போனில் வெளிச்சம் மட்டும். தூர நீட்டிப் பார்த்தேன், கிட்டே கொண்டுவந்தேன், ஒரு கறைபோல ஏதோ இருக்கிறது, அது அந்தத் தலைப்பா வேறு எதுவுமா தெரியவில்லை. வருகிறதா, போய்விட்டதா. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது மல்லிகை வாசத்தில் தெரிந்திருந்தது, அவள் புருஷனை உள்ளே ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள், கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு. அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, மூடச் சொன்னாகள்ல. எதுக்குத் தொறந்து தொறந்து பாக்கீக?"

"ஒரு பேரு போட்டுப் பாக்கணும்மா. எழுத்து தெரியல. உங்க போன்ல நெட் இருக்கா?"

"இருக்கு. எம் மவ போட்டுக் குடுத்திருக்கா. நான் பேசித்தான் தேடுவேன். என்ன பேரு?"

சொன்னேன். சொல்லும்போதே, வேண்டாம், இன்னொரு போன், இன்னொரு ஆள் என்று தோன்றியது, செந்தூரான் முகம் வந்தது, ஆனால் வாய் சொல்லிவிட்டது. அவள் போனை வாய்க்கு நேராகப் பிடித்துச் சந்தையில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள், பியூலா கனகமணி. அந்தக் கூடத்தில் நாற்பது பேராவது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கண்ணை மூடினவர்களுக்குக் காது கூர்மை.

"வந்திருக்கு. படிக்கட்டா?" என்றாள், எழுத்துக்கூட்டி, தனக்குப் படிக்கத் தெரியும் என்ற பெருமையோடு படித்தாள். "யு கே ஜி சிறுமியைக் கழிவறையில் பூட்டிய... அடப் பாவி மவளே! பச்சப் புள்ளயக் கொண்டுபோயா பூட்டுனா? இவளுக்கெல்லாம் கை வெளங்குமா?"

"எந்த ஊருலம்மா?" என்று எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"பாளையங்கோட்டையாம். டீச்சராம்."

"விடக் கூடாது இவளுகள."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. இங்கே வரும்வரை இந்தக் கூடத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, நான்தான் கொண்டுவந்து ஊற்றினேன், இருக்கிறதா இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இரண்டு பிள்ளைகள் மிச்சம் இருக்கும் அந்தப் பின் தெரு, சுபா, செந்தூரான், இப்போது கோவில்பட்டி. தொண்டையில் அந்தக் கசப்பு.

"அது பொய்ம்மா" என்றேன்.

"பொய்யா? போட்டிருக்கே."

"போட்டது நான்தான்."

வளையல் சத்தம் கேட்டது, போனை மடிக்கு இறக்கியிருப்பாள். முகம் தெரியவில்லை, வெள்ளையில் ஒரு மங்கல், அந்த மங்கல் என் பக்கம் திரும்பியிருந்தது. நான் சொன்னேன், தாழ்ப்பாள் சிக்கிக்கிட்டது, அந்த டீச்சர்தான் கதவை ஒடச்சுக் குழந்தையை வெளிய எடுத்தாங்க, அரசாங்கமே விசாரிச்சுச் சொல்லி அஞ்சு வருஷம் ஆச்சு. சொல்லச் சொல்லக் குரல் எங்கேயோ மெலிந்துபோயிற்று, எதிர்ப் பெஞ்சுக்காரருக்குக் கேட்டிருக்காது, மறுபடி உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"அப்ப அத எங்க போட்டிருக்கு அண்ணாச்சி?"

"எத?"

"அந்தம்மா பூட்டலன்னு. இதுக்குக் கீழ பாக்கேன், காணலியே. அடுத்த பக்கத்துல இருக்குமா?" விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள். "இல்லியே. இது ஒண்ணுதான் இருக்கு."

இது ஒன்றுதான் இருக்கிறது. நான் ஆயிரம் தடவை பார்த்த பக்கம். ஒரு தடவைகூட அங்கே எது இல்லை என்று பார்க்கவில்லை. இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். நேரம் என்ன என்று அவளைக் கேட்டேன், பதினொன்று முப்பத்தைந்து. இன்டர்வியூவுக்கு முன்னால் கூப்பிடக் கூடாது, பதற்றப்படுவாள், ஆனால் கை அதற்குள் அந்தப் பெண்ணிடம் போனை நீட்டியிருந்தது, பியூலா டீச்சர்னு இருக்கும்மா, அதைத் தொட்டுக் குடுங்க. டீச்சர் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள். பின்னால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம்.

"டீச்சர், அது இன்னும் வருது. என்னை மன்னிக்கணும். பன்னெண்டு மணிக்குள்ள போயிரும்னு நெனச்சேன்."

"வரும்னு தெரியும் சார். நானும் காலையில பாத்தேன்." பதற்றம் என் குரலில்தான் இருந்தது, அவள் குரலில் இல்லை. "அந்தச் செய்தியை நான் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்திருக்கேன். எந்த ஸ்கூல் போனாலும் கொண்டுபோவேன். உள்ள போனதும் முதல்ல அதைத்தான் குடுப்பேன், அப்புறம் ஆர்டரைக் குடுப்பேன். அவங்களா தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கு நானே காட்டிர்றது நல்லது."

"நீங்க கேட்டபடி எடுத்துட்டேன், ஆனா தேடல்ல..."

"எடுங்கன்னு நான் கேக்கலியே சார்."

வாய்ப்பாடு எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டிருந்தது.

"லெட்டர்ல எழுதியிருந்தேனே. அதே பக்கத்துல, அதே தலைப்புக்குக் கீழ, இந்த ஆசிரியை மேல தப்பில்லைன்னு விசாரணையில தெரிஞ்சதுன்னு ஒரு வரி போடுங்க, தேடி வர்றவங்க ரெண்டையும் சேத்துப் படிச்சுக்கிடட்டும்னு. அது மட்டுந்தான் சார் கேட்டேன். நீங்க போன் பண்ணி எடுத்தாச்சுன்னதும் எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. இப்ப தலைப்பு மட்டும் நிக்கி. உள்ள போனா ஒண்ணுமில்ல. சரி, கூப்பிடுறாங்க சார். வைக்கிறேன்."

இன்பராஜைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்தை மறுபடி போடு, மேலே ஒரு வரி சேர்க்கணும். சார், விளையாடுறீங்களா, மூணு மாசம் உயிரை வாங்கினீங்க, பேக்கப்லகூட இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, எங்கயுமே இல்ல சார் இப்ப. அப்படின்னா புதுசா ஒண்ணு போடு. ஆறு வருஷத்து விஷயத்தை இப்ப யாரு சார் படிப்பா என்றான், பிறகு பாவம் பார்த்து, எழுதி அனுப்புங்க, பாப்போம் என்றான். பாப்போம் என்பது என்ன என்று எனக்குத் தெரியும், நானும் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் அவன் இல்லை என்று சொல்லவில்லை. ஆவுடையப்பன் யாரு, ஆவுடையப்பன் என்று நர்ஸ் கூப்பிட்டாள். பக்கத்துப் பெண்தான் கையைப் பிடித்து எழுப்பி விட்டாள், பாத்துப் போங்க அண்ணாச்சி. அவள் பிடியில் கோபம் இல்லை, மரியாதையும் இல்லை, கண் தெரியாதவனுக்குக் கொடுக்கும் பிடி, அவ்வளவுதான்.

தாடையை இந்தக் கருவியில் வையுங்கள். மேலே பாருங்கள். கீழே. என் காதைப் பாருங்கள். டாக்டரின் வெளிச்சம் மண்டைக்குள் புகுந்து பின்பக்கம் தொட்டது, வெளிச்சத்தில் என் கண்ணின் நரம்புகளே எனக்கு மரக்கிளைபோலத் தெரிந்தன. கடிதத்தை முழுதும் படித்திருக்கலாம். இரண்டே தாள். முதல் நாலு வரியில் விஷயம் தெரிந்துவிடும் என்ற புத்தி, மீதியெல்லாம் நீட்டி முழக்கல் என்ற புத்தி, வெட்டி வெட்டியே வந்த புத்தி. இல்லை, அதுவும் சாக்குத்தான். கடிதத்தில் ஒரு வரி போடுங்கள் என்று இருப்பதைப் படித்திருந்தாலும் நான் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன், ஒரு வரி போட்டால் நாங்கள் தப்பாகப் போட்டோம் என்று ஆகும், எடுத்துவிட்டால் போட்டதே இல்லை என்று ஆகும். அசையாதீங்க என்றார் டாக்டர். அவள் பெயருக்காகத்தான் தினமும் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது போய்விட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நரம்பு நல்லா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்தால் வெயில் இல்லை, வெள்ளைதான் இருக்கிறது, ரோடு, ஆட்டோ, எதிரே இருக்கும் பழக்கடை, எல்லாம் அந்த வெள்ளையில் கரைந்துபோய்ச் சத்தமாக மட்டும் வருகின்றன. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி சுமாருக்குப் போன் அடித்தது. யார் என்று தெரியாமலே எடுத்தேன்.

"சொல்லி அனுப்புறோம்னாங்க சார்" என்றாள் பியூலா டீச்சர்.

சொல்லி அனுப்புகிறோம். ஆறு வருஷத்தில் அது எத்தனையாவது தடவையோ. பஸ்ஸில் இருந்தாள்போல, கண்டக்டர் விசில் கேட்டது. அவளே கூப்பிட்டிருக்கிறாள், கூப்பிட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை, கூப்பிட்டிருக்கிறாள்.

"டீச்சர், அந்தப் பக்கம் திரும்ப வராதாம். புதுசா எழுதணும். போடுவாங்களான்னு உறுதியாச் சொல்ல முடியாது, போட வைக்கப் பாக்கேன். ஆனா அதுலயும் உங்க பேரு வரும். வேண்டாம்னா வேண்டாம். என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

பஸ் எங்கேயோ நின்று, ஆட்கள் இறங்கி ஏறி, மறுபடி கிளம்பியது.

"என் பேரு வரட்டும் சார், அது எப்படியும் வந்துக்கிட்டுத்தான இருக்கு. அன்னைக்கு எழுதினது யாருன்னு நான் ரொம்ப நாள் தேடியிருக்கேன். நமது நிருபர்னுதான் இருந்துச்சு. இதுலயாவது முதல்ல உங்க பேரைப் போடுங்க."

"போடுறேன்" என்றேன்.

"தலைப்புல" என்றாள்.

போனை வைத்த பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கண் சீட்டைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டேன். கோடு தெரியவில்லை, தாளின் ஓரம்கூடத் தெரியவில்லை, விரலால் தடவி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக, எழுதுவது தாளில் விழுகிறதா என்றுகூடத் தெரியாமல், ஆவுடையப்பன் ஆகிய நான் என்று ஆரம்பித்தேன்.